அரைத்திரை

நடுவணரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு உழன்று வருபவன் நான். ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தால், அதன் பொருளைப் பார்க்குமுன் ஓரத்தில் உள்ள சுருக்கொப்பங்களையே என் கண்கள் தேடும். எழுதியவர் யார், திருத்தியவர் யார், எவர் மேசையில் எத்தனை நாள் உறங்கிற்று என்றெல்லாம் அறிந்த பின்னரே மனம் அமைதியுறும். இந்தத் தொழில்நோய் நாடகம் பார்க்கப் போன இடத்திலும் என்னை விடுவதில்லை. வாயிலில் தரும் துண்டறிக்கையில் கதைச்சுருக்கத்தைத் தாண்டி, கடைசிப் பக்கத்துப் பொடியெழுத்துக்குப் போய்விடுவேன். ஒளி, ஒப்பனை, உடை, அரங்கப் பொருள் என்று வரிசையாக வரும் பெயர்களை ஒன்றுவிடாமல் படிப்பேன். அந்தப் பழக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அடுகோடியிலிருந்து பேருந்து ஏறி, இரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் ‘ஹயவதனா’ என்னும் கன்னட நாடகத்தைக் காணச் சென்றேன். உடன் வந்தவர் எங்கள் எதிர்வீட்டுத் தையற்காரர். தாய்மொழி கன்னடம். எழுபதைக் கடந்தவர். தெருவினர் அனைவருக்கும் அவர் ‘மாஸ்டர்’; சிறு வயது முதல் எனக்கு ‘மாமா’. காவலர் குடியிருப்புக்காரர்களின் காக்கிச் சீருடைகளைத் தைத்து வாழ்ந்தவர். நகரத்து அமெச்சூர் குழுக்களுக்கு நாடக உடைகளையும் தைத்தவர். முன்னதில் வயிறு நிறைந்தது, பின்னதில் மனம் நிறைந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஹயவதனாவின் கதை நம்மவர்க்குப் புதிதன்று. விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் சொன்ன கதைகளுள் ஒன்றுதான். தலை மாறிப் பொருந்திய இருவருள் அப்பெண்ணுக்கு உரியவன் எவன் என்று வேதாளம் கேட்க, தலை எவனுடையதோ அவனே என்று மன்னன் விடையிறுத்துவிடுகிறான். செர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1940இல் இக்கதையை எடுத்து, அந்த விடை அத்தனை எளிதா என்று கேட்டார். அங்கிருந்து கிரீஷ் கர்நாட் அதை மீண்டும் நம் மண்ணுக்குக் கொண்டுவந்தார். கவிஞன் தேவதத்தன், கொல்லன் மகன் கபிலன், இருவருக்கும் இடையே பத்மினி. காளி கோயிலில் நண்பர்கள் இருவரும் தலையறுத்துக்கொள்ள, தூக்கக் கலக்கத்தில் வரும் தேவி வரம் தர, பத்மினி தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இவர்களின் ஊர் தருமபுர நகரம் என்று பாகவதர் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தந்தையார் தருமபுரிக்காரர்! மற்றபடி இரண்டு ஊர்களுக்கும் தொடர்பில்லை.

இந்நாடகத்தின் பின்னே நின்றவர்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கர்நாட் 1938இல் மாதேரானில் பிறந்தவர். வீட்டு மொழி கொங்கணி. 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில் பணியாற்றியவர். அங்குள்ள ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ குழுவினரோடு பழகியவர். ஹயவதனா ஆங்கில வடிவில் 1972 டிசம்பரில் மேடையேறியதும் சென்னை மியூசியம் தியேட்டரில்தான். ஆனால் கன்னடத்தில் அதற்கு உயிர் கொடுத்தவர் பி. வி. காரந்த். பண்டுவாள வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1929இல் பிறந்து, சிறுவயதில் வீட்டை விட்டோடிக் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பையனின் திறமையைக் கண்ட வீரண்ணா, பின்னர் அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தம் கம்பெனியில் வளர்ந்த நடிகனை விட்டுவிட மனம் வந்த முதலாளிகள் நாடக உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அங்கே ஓம்கார்நாத் தாக்கூரிடம் இசை. பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளி. பெங்களூர் திரும்பிய காரந்த் அமைத்த குழுவின் பெயர் ‘பெனகா’. பெங்களூரு நகர கலாவிதரு என்பதன் சுருக்கம் அது. கன்னடத்தில் விநாயகருக்கும் அதுவே பெயர். தகரம், கல், கட்டை எது கையில் அகப்பட்டாலும் அதை வாத்தியமாக்கிவிடுவார் காரந்த் என்பார்கள். ‘கோகிலா’ வழியாகத் திரைக்கு வந்து, பின்னர்த் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் அறிமுகமான நடிகர் மோகன், காரந்தால் நாடகத்திற்கு இழுத்துவரப்பட்டவரே. காரந்த் 2002இல் மறைந்தார். அவர் சொல்ல எழுத்தாளர் வைதேகி எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு, இங்கிருக்கவும் மாட்டேன் அங்கு போகவும் மாட்டேன் என்று பொருள்படும். எல்லை தாண்டி வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு அத்தலைப்புக்கு உரை வேண்டியதில்லை.

அன்று அரங்கில் என்னைப் பிடித்து நிறுத்தியது கதையன்று, பாட்டுமன்று, ஒரு துணி. யட்சகானத்தில் போல, ஆள் இருவர் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஓர் அரைத்திரையைக் கொண்டுவருகிறார்கள். திரைக்கு மேலே முகமூடி, கீழே கால்கள். நடுவே இருப்பவன் யாரென்று தெரியாது. திரை விலகியதும் பாத்திரம் பிறந்துவிடுகிறது. திரையைப் பிடித்திருந்த இளைஞர் இருவரையும் எவரும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்த மாமா மட்டும், “ஓரம் நல்லாத் தைச்சிருக்கான்” என்றார்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. என் தந்தையார் அன்று மைகோ என்று அழைக்கப்பட்ட தொழிற்சாலையில் டர்னர். பொங்கல்தோறும் அடுகோடித் தமிழ்த் தொழிலாளர்கள் சிலர் கூடி, திறந்த வெளியில் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வைப் போடுவார்கள். தந்தையாருக்கு வசந்தசேனை வேடம். அதற்காக மீசையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அவர்களுக்கு அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரையிட்ட முன்திரை ஒன்றைத் தைத்துக் கொடுத்தவர் மாமா. கூலி வாங்கவில்லை. “நோட்டீசுல என் பேரைப் போடுங்கண்ணா, போதும்” என்றாராம். தந்தையாரும் ஒப்புக்கொண்டார்.

1991 பொங்கலுக்கு அச்சான நோட்டீசில் அப்பெயர் இல்லை. தமிழ் நாடகத்தில் கன்னடப் பெயர் எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். தந்தையார் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வரிதானே, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அலுவலகத்தில் நானும் இப்படிப் பல வரிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், பம்மலாருக்கு நாடக ஆசை பிறந்ததே 1891இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு குழுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத்தான். அதன் பிறகே அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பல்லாரி இன்று கருநாடகத்தில் உள்ளது. ஆட்சேபம் எழுப்பியவர் இதை அறிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த ஆண்டு வரவில்லை. அதே 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். எனக்கு வயது பதினொன்று. இரவில் எங்கள் கதவைத் தட்டி, எங்களைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றவர் மாமா. தைக்கும் எந்திரத்தின் பின்னே, குவித்து வைத்திருந்த காக்கித் துணிகளுக்கு நடுவே நானும் தங்கையும் உறங்கினோம். வெளியே ஆள்கள் வந்து விசாரித்தபோது, அவர் வாசற்படியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே கன்னடத்தில் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று தந்தையார் கடைசிவரை கேட்கவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பியதும், அவர் முதற்காரியமாகத் திரையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் அவர் நாடகமே போடவில்லை. அச்சத்தால் நிறுத்திவிட்டார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

ஹயவதனா பார்த்து வந்த இரவு பெட்டியை இறக்கினேன். திரையின் மடிப்புக்குள் அந்த 1991 நோட்டீசு இருந்தது. அடியில், ‘ஒலிபெருக்கி’ என்ற வரிக்குக் கீழே, தந்தையார் தம் கையாலேயே பென்சிலால் ‘திரை’ என்று எழுதி, மாமாவின் பெயரைச் சேர்த்திருந்தார். எவருக்காக எழுதினாரோ அவர் கண்ணில் படாமல் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. தந்தையார் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயர் விடுபட்ட கதையை அம்மா அன்றுதான் எனக்குச் சொன்னார்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணா இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே. நானும் ஒரு வருஷம் கோபமா இருந்தேன்” என்றார். அந்த ஒரு வருடத்திற்குள்தான் அந்த டிசம்பரும் அடங்கும் என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது.

பொங்கலுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு சிறு நாடகம் போட்டார்கள். பாதி தமிழ், பாதி கன்னடம். இலக்கண சுத்தம் இரண்டிலும் இல்லை. வசனத்தைக் கேட்ட என் உறவினர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது குறையாகத் தோன்றவில்லை. தலையும் உடலும் மாறிப் பொருந்திய பிள்ளைகள் வேறு எப்படிப் பேசுவார்கள்? பழைய திரையைப் பாதியாக மடித்து, என் மகளும் மாமாவின் பேரனும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். நோட்டீசைக் கணிப்பொறியில் அமைத்தவன் நான். கடைசி வரியை இரு மொழியிலும் போட்டேன். இந்தக் கட்டுரையில் மட்டும் பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

நாடகம் முடிந்ததும் நோட்டீசை அவரிடம் கொடுத்தேன். கண்ணுக்கருகே வைத்துக் கன்னட வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, பிள்ளைகள் சுருட்டிக்கொண்டிருந்த திரையைப் பிரிக்கச் சொல்லி, மஞ்சள் கரையை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இடப்பக்கம் தையல் விட்டிருக்குப்பா. நாளைக்குக் காலையில எடுத்துட்டு வா.”