டோக்கியோவின் மணிச் சித்திரங்கள்

ஜப்பானின் தலைநகராம் டோக்கியோவில் அக்கிஹபாரா என்றொரு பகுதி உண்டு. மின்சாதனக் கடைகளுக்குப் பேர்போன இடம் அது. அங்கிருந்து ரயிலில் கிழக்கே ஒரே நிலையம் சென்றால் அசகுசபாஷி. சுமிதா நதியை ஒட்டிய இவ்வட்டாரத்தில் பொம்மைக் கடைகளும், மணிகளும் கைவேலைப் பொருள்களும் விற்கும் கடைகளும் நிறைந்துள்ளன. இயந்திரமும் கைத்திறனும் இங்ஙனம் அண்டை வீட்டாராய் வாழும் அந்நகரில், இரண்டையும் இணைக்கும் சிறு கலையொன்றைக் கண்டு மகிழ்ந்தேன்.

கைப்பேசியில் நாம் அனுப்பும் சிரித்த முகத்துக்கும் சிவந்த இதயத்துக்கும் 'எமோஜி' என்று பெயர். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ஆம் ஆண்டில், டோக்கோமோ தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஷிகேத்தகா குரீத்தா 176 சித்திரங்களை வகுத்தார். வானிலைக் குறிகளும் ஜப்பானியப் படக்கதைகளும் அவருக்கு வழிகாட்டின. அன்றைய சிறு திரையில் ஒரு சித்திரத்துக்குக் கிடைத்த இடம் நெடுக்கில் 12, குறுக்கில் 12, ஆக 144 புள்ளிகளே. அந்நெருக்கடிக்குள் வெயிலையும் குடையையும் உடைந்த இதயத்தையும் அடக்கிவிட்டார். நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடம் 2016-இல் இவற்றைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது.

புள்ளிக்கு ஒரு மணியாக வைத்தால் அச்சித்திரம் கையில் ஏந்தும் பொருளாகிறது. இதற்கான பிளாஸ்டிக் மணிகளை ஜப்பானியர் 'ஐரோன் பீஸு', அதாவது இஸ்திரி மணி என்கின்றனர். பொம்மைக் கடைகளிலும் நூறு யென் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. சிறு குழாய்த் துண்டு போன்ற மணி ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீட்டர். முளைகள் நிறைந்த பலகையில் நிறம் பார்த்துக் குழந்தைகள் அவற்றைக் கோக்கின்றனர். பிறகு பெரியவர் ஒருவர் எண்ணெய் ஒட்டாத் தாளை மேலே விரித்து, நீராவியில்லாத இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்க்கிறார். மணிகள் இளகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. சூடு ஆறும்வரை கனத்த புத்தகத்தை மேலே வைத்தால் வளையாமல் நிற்கும். குரீத்தாவின் சித்திரம் ஒன்று, இவ்வகையில் 6 சென்டிமீட்டர்ச் சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. பாட்டியின் உடல்நலம் கேட்டு எழுத வேண்டிய பேரன் இன்று ஓர் இதயக் குறியைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறான். ஒரு நொடியில் பிறந்த அன்பு அடுத்த செய்தி வந்ததும் மேலேறி மறைந்துபோகிறது. அவ்விதயத்தையே மணிகளால் செய்யச் சொல்லுங்கள். ஒரு மணி நேரமேனும் பாட்டியின் நினைவோடு அவன் அமர்ந்திருப்பான். அதை அஞ்சல் உறையில் இட்டு, உடன் தன் கைப்பட நான்கு வரி தமிழில் எழுதட்டும். படத்தால் அன்பைக் காட்டலாம். பள்ளியில் நடந்ததையும், பல் விழுந்ததையும், விடுமுறைக்கு வரும் நாளையும் சொல்ல எழுத்துத்தான் வேண்டும். மணிகோக்கும் ஆசையைத் தூண்டில் முள்ளாக்கி, நம் பிள்ளைகளை மீண்டும் கடிதம் எழுதும் பழக்கத்துக்கு ஈர்ப்போமாக.