கோட்டு போட்டு இடிக்க வந்தவர்

இசைக்கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் என்றாலே எனக்கு ஒவ்வாது. ஏழைக் குடும்பம், முதல் பாட்டு, புகழ், போதை, வீழ்ச்சி, கடைசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், நமக்கு ஒரு சொட்டுக் கண்ணீர். ஆள்தான் மாறுவார், கதை மாறாது. அதனால் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' படத்தைப் பார்க்கச் சொல்லி நண்பன் மூன்று முறை சொல்லியும் நான் தட்டிக்கழித்தேன்.

"நீ சைட்ல வேலை செய்றவன். நீதான்டா பார்க்கணும்," என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அப்போது புரியவில்லை.

ஷா ஆலமில் பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் அடைமழை. வேலை நின்றுவிட்டது. கண்டெய்னர் ஆபிசில் உட்கார்ந்து கைப்பேசியில் படத்தைப் போட்டேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, 'பார்த்துட்டேன் லா' என்று அவனுக்கு மெசேஜ் போட்டுவிடுவதுதான் திட்டம்.

மாலிக் பென்ஜெலூல் என்ற சுவீடன்காரர் 2012இல் எடுத்த படம். டெட்ராய்ட் நகரத்துப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1970இலும் 1971இலும் இரண்டு ஆல்பங்கள் வெளியிடுகிறார். அமெரிக்காவில் விற்கவே இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் எப்படியோ தென்னாப்பிரிக்காவுக்குப் போய், நிறவெறி ஆட்சியில் சலித்துப்போன வெள்ளை இளைஞர்களுக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. பாடியவர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே ஒரு வதந்தி. எப்படிச் செத்தார் என்று இரண்டு ரசிகர்கள் தேடப்போக, ஆள் டெட்ராய்டில் உயிரோடு இருக்கிறார்.

இதுவரைக்கும் சுவாரஸ்யம், அவ்வளவுதான். என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறோர் இடம். ஆல்பங்கள் தோற்ற பிறகு அவர் செய்தது கட்டட இடிப்பு வேலை, பழைய வீடுகளைச் சீராக்கும் வேலை. அந்த அழுக்கு வேலைக்கு அவர் டக்சிடோ போட்டுக்கொண்டு வருவார் என்று கூட வேலை பார்த்தவர் சொல்கிறார்.

படத்தை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். இடிப்பு வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதியத்துக்குள் எச்சில்கூட சிமெண்ட் ருசிக்கும். அங்கே ஒருவர் விருந்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வருகிறார். வேஷமில்லை, செய்கிற வேலைக்கு அவர் கொடுத்த மரியாதை.

ஸ்கூடாயில் பொறியியல் படித்த காலத்தில் நானும் எழுதினேன். இரண்டு சிறுகதைகள் இணையத்தில் வந்தன. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது கதையைத் திறந்து பார்த்தவர்கள் 41 பேர். அதில் பத்து முறையாவது நானே. அதோடு நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் 'வேலை பிஸி' என்றேன். படிக்க ஆளில்லாமல் எதற்கு எழுத வேண்டும் என்பதுதான் உண்மைக் காரணம். அதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோட்ரிகஸ் தன் வாழ்க்கையைக் கிடப்பில் போடவில்லை. 1981இல் தத்துவத்தில் பட்டம் வாங்கினார். நகர மன்றத் தேர்தலில் நின்றார். வாக்குச்சீட்டில் அவர் பெயரையே தப்பாக அச்சடித்தார்கள். 1998இல் கேப் டவுன் மேடையில் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்க, அவர் அமைதியாக நிற்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கிண்டலடித்த அதே ஒரு சொட்டு.

அன்றிரவே இணையத்தில் தேடினேன். ஆஸ்திரேலியாவில் அவருக்கு முன்பே ரசிகர்கள் இருந்திருக்கிறார்கள். 1979இலும் 1981இலும் அங்கே போய்ப் பாடியிருக்கிறார். படத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. கோபத்தோடு நண்பனைக் கூப்பிட்டேன்.

"ஏமாத்திட்டாங்கடா!"

"சரி, நீ எந்த இடத்துல படத்தை நிறுத்தினேன்னு சொன்ன? அது பொய்யா?"

பதில் சொல்ல முடியவில்லை. இடிப்பதற்கு முன் எங்கள் தொழிலில் ஒன்றைப் பார்ப்போம்: பாரம் தாங்குவது எது, வெறும் தடுப்புச் சுவர் எது? 'உலகமே மறந்த கலைஞன்' என்ற சுவரைத் தட்டிப் பார்த்தேன், விழுந்துவிட்டது. கோட்டு போட்டு வேலைக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

ஆனால் வறுமையை அழகாக்கவும் எனக்கு மனமில்லை. தென்னாப்பிரிக்காவில் விற்ற ஆல்பங்களின் பணம் எங்கே போனது என்று படம் கேட்கிறது. பதில் கிடைப்பதில்லை. அந்தப் பணம் மூன்று மகள்களை வளர்த்த காலத்தில் கிடைத்திருக்க வேண்டும். அவருடைய கண்ணியத்தைக் காட்டி அந்தக் கணக்கை மூடிவிட முடியாது.

பென்ஜெலூல் 2014இல் இறந்துவிட்டார். கையில் பணம் தீர்ந்தபோது மீதிக் காட்சிகள் சிலவற்றைக் கைப்பேசியில் எடுத்து முடித்தவர் அவர். ரோட்ரிகஸ் 2023இல், 81 வயதில் காலமானார்.

பாதியில் விட்ட மூன்றாவது கதையை முடித்துவிட்டேன். நண்பனுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரமாகிறது. இன்னும் படிக்கவில்லையாம். நான்காவதை ஆரம்பித்துவிட்டேன்.