மறுமுறை உரோமையில்

இடம்பெயர்ந்து மீள்வோர் முதலிற் பார்ப்பது கிணற்றை. அடுத்து, நிற்கும் தென்னைகளை எண்ணுவர். 2009 தை மாதத்தில் வட்டக்கச்சியை விட்டகன்று, பின்னர் மீளக் குடியமர வந்த முதியவர் ஒருவர் இவ்விரண்டையும் விடுத்துத் தம் புத்தகப் பெட்டியையே தேடிச் சென்றார். கூரையற்ற அறையின் மூலையிற் பெட்டி இருந்தது. உள்ளே கறையான் மண் இருந்தது. அழிந்தவற்றுள் தனிநாயகம் அடிகளின் ‘ஒன்றே உலகம்’ என்னும் பயண நூலும் ஒன்று. அதன்பின் அவர் அடிகளார் உரோமைக்கு இருமுறை சென்ற கதையை அயலாருக்குச் சொல்லத் தொடங்கினார்.

கரம்பொனிற் பிறந்த அடிகளார் 1934இல் உரோமை சென்றது குருத்துவக் கல்விக்காக. ஐந்தாண்டுகள் அங்குப் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. தமிழ் மட்டும் அப்பொழுது அவருக்கு ஆழமாக வாய்த்திருக்கவில்லை. 1940இல் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியேற்ற பின்னரே பண்டிதர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவரானார். முப்பது வயதைக் கடந்த குருவானவர் இளைஞரோடு வாங்கில் அமர்ந்து சங்க இலக்கியம் கற்பதென்பது நம்மில் எத்தனை பேருக்கு இயலும்?

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த காலத்தில், 1954இல், அவர் மறுபடியும் உரோமையில் இருந்தார். அம்முறை வத்திக்கான் நூலகத்தில் அவர் கைக்கு எட்டியது ஒரு பழைய அச்சுநூல்: அந்தாம் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கேய அகராதி. தொகுத்தவர் 1666இலேயே மறைந்தார். தம் நூலை அவர் அச்சிற் கண்டாரல்லர். ஏறத்தாழ 16,000 சொற்கள் கொண்ட அதன் தனிச்சிறப்பு, பதினேழாம் நூற்றாண்டு மக்களின் பேச்சு வழக்குகளை அது நிறையப் பதிந்து வைத்திருப்பதாகும். புலவர் நிகண்டுகளில் இடம்பெறாச் சொற்கள் பிறநாட்டார் ஒருவரின் ஏட்டில் உயிர்பிழைத்தன.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அடிகளார் பயின்ற கல்லூரி யனிக்குலம் குன்றின்மேல் உள்ளது. வத்திக்கானுக்கு அங்கிருந்து நடந்தே செல்லலாம். அம்மாணவப் பருவத்திலும் அகராதி அருகேதான் இருந்தது. நகர் அதே நகர். குன்றும் அதே குன்று. தேடத் தெரிந்தவராய் அவர் மீண்டு வந்திருந்தார். லிசுபனில் 1554இல் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைநூலையும் தமிழுலகம் அறியச் செய்தவர் அவரே.

“உரோமையில் இருந்த நூல் 275 ஆண்டு தப்பியது, வட்டக்கச்சியில் இருந்தது மண்ணாய்ப் போனது” என்று ஒருமுறை அயலிளைஞன் ஒருவன் கசப்புடன் கூறினான். அக்கசப்பு நியாயமானதே. முதியவர் உடனே மறுத்தார்.

“அங்கை இருந்தாப்போலை காணுமோ தம்பி? எடுத்து விரிக்கிறதுக்கு எங்கடை ஆள் ஒருத்தர் போகவேண்டி இருந்ததெல்லோ?”

அடிகளார் அந்த அகராதியை உள்ளவாறே படியெடுத்து 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். ‘ஒன்றே உலகம்’ வெளிவந்ததும் அவ்வாண்டே. பல்கலைக்கழகம் புறப்பட்ட பேரனிடம் முதியவர் கேட்டது அதன் ஒரு படியை மட்டுமே. பெட்டியை அவர் எறியவில்லை. கறையான் மண்ணைத் தட்டி, வேப்பெண்ணெய் பூசி, முற்றத்து வெயிலிற் காயவைத்திருந்தார்.