புத்தி சொல்ல வந்தவர்கள்

தமிழில் 'புத்தி சொல்வது' என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். சொல்பவர் உட்கார்ந்திருப்பார், கேட்பவர் நின்றுகொண்டிருப்பார். அரியர் வைத்த பையனுக்கு மாமா சொல்வது, கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணுக்கு அத்தை சொல்வது. 'அவனுக்கு நாலு புத்தி சொல்லிட்டு வாங்க' என்று யாரையாவது அனுப்பினால், போகிறவர் காதை வீட்டில் வைத்துவிட்டு வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

எங்கள் தமிழ் பைபிளில், எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இந்த வார்த்தை மூன்றாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் வருகிறது. யார் எழுதினார் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாத கடிதம் அது. படிப்பவர்கள் யார் என்பது மட்டும் ஓரளவு புரியும். விசுவாசத்துக்காக அவமானப்பட்டவர்கள், சொத்தைப் பறிகொடுத்தவர்கள், ஆரம்பத்தில் இருந்த சூடு ஆறிப்போனவர்கள். சிலர் கூடிவருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களைத்தான் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்ளச் சொல்கிறார் எழுதியவர்.

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். முப்பது வயது தாண்டித்தான் அதன் கிரேக்க மூலம் என்ன என்று தேடத் தோன்றியது. மொழி ஆர்வமெல்லாம் இல்லை. ஒரு வாட்ஸப் குழுதான் காரணம்.

மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டின் ஹாலில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது பத்து பேர் கூடி ஜெபம் பண்ணுவோம். முக்கால்வாசிப் பேர் ஐ.டி.காரர்கள். அதை நடத்திவந்த அண்ணனின் மனைவி 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். அடக்கத்துக்கு எங்களில் யாரும் போக முடியவில்லை. போக முடியாத நாங்கள் எல்லாரும் சேர்ந்து குழுவில் வசனம் அனுப்பினோம். சூரியோதயப் படத்தின் மேல் வசனம், புறா படத்தின் மேல் வசனம். சோதனையில் பொன்னாக விளங்க வேண்டும் என்று ஒருவர். அக்கா இப்போது நல்ல இடத்தில் இருக்கிறார் என்று ஒருவர். எல்லாரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினோராம் நாள் அண்ணன் குழுவை விட்டு வெளியேறினார் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. ஊரடங்கு முடிந்து நாங்கள் மறுபடி கூடியபோதும் அவர் வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஊர் பேர் தெரியாமல் சென்னைக்கு வந்தபோது, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டவர் அவர். அவருடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் நான் என்னுடையதை நம்பிக்கொண்டிருந்தேன். அவர் நின்றுவிட்டால் நான் எத்தனை நாள் தாங்குவேன்?

அந்த நாட்களில்தான் தேடினேன். 'புத்தி சொல்லுதல்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது 'பாராகலேயோ'. 'பாரா' என்றால் பக்கத்தில், 'கலேயோ' என்றால் கூப்பிடுவது. கெஞ்சுவது, தேற்றுவது, தைரியம் சொல்வது, எச்சரிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். யோவான் எழுதின சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியைத் தமிழ் பைபிள் 'தேற்றரவாளன்' என்கிறதே, அந்தச் சொல்லும் இதே வேரில் வந்ததுதான். ஒரே வேர். ஓரிடத்தில் தேற்றரவாளன், இன்னோரிடத்தில் புத்திமதி! மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் அந்தச் சொல் இவ்வளவு விறைப்பாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற டெலிபோன்ஸ் ஊழியர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் அங்கிள். குழுவில் அவர் ஒரு வசனமும் போடவில்லை. டைப் பண்ணத் தெரியாது என்பது ஒரு காரணம். ஊரடங்கு தளர்ந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். சில வாரம் நான் பைக்கில் கூட்டிப்போவேன். அண்ணன் கதவைத் திறப்பார், பேச மாட்டார். அங்கிள் பேப்பர் படிப்பார். டீ போட்டுக் கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் அவரே அடுப்படிக்குப் போய்ப் போடுவார். கிளம்பும்போது ஒரு நிமிஷ ஜெபம். அண்ணன் ஆமென் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது ஒருநாள் கேட்டேன், "எதாவது சொல்லலாமே அங்கிள்?"

"என்னத்தச் சொல்ல? திமிர்வாதக்காரன நாலு பேரு படுக்கையோட தூக்கிட்டுப் போனாங்கல்ல, அவன் ஒரு வார்த்த பேசுனானா? கூரையப் பிரிச்சது மத்தவங்கதான தம்பி. இவன் இப்ப படுத்திருக்கான். கொஞ்ச நாளு நாம தூக்குவோம்."

என் தொழிலில் 'கீப்அலைவ்' என்று ஒன்று உண்டு. இரண்டு கணினிகளுக்கு நடுவே இணைப்பு இருக்கிறது, ஆனால் ரொம்ப நேரமாகப் பேச்சில்லை. அப்போது ஒரு பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு பாக்கெட் போகும். அதில் செய்தி எதுவும் இருக்காது. 'இருக்கியா?' அவ்வளவுதான். லினக்ஸில் இதை இயக்கிவிட்டு வேறெதையும் மாற்றாவிட்டால், இரண்டு மணி நேர மௌனத்துக்குப் பிறகு 75 விநாடிக்கு ஒருமுறை ஒன்பது தடவை கேட்டுப்பார்க்கும். ஒன்பதுக்கும் பதில் இல்லையென்றால் இணைப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். சபைகளில் பெரும்பாலும் மூன்றோடு முடிந்துவிடுகிறது. அங்கிள் எட்டு மாதம் போனார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் எனக்குப் பிடித்த சண்டை ஒன்று இருக்கிறது. மாற்கு என்ற இளைஞன் முதல் பயணத்தில் பவுலையும் பர்னபாவையும் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்கு அவனையும் கூட்டிப்போகலாம் என்கிறார் பர்னபா. கூடவே கூடாது என்கிறார் பவுல். (மாற்கு பர்னபாவுக்குச் சொந்தக்காரப் பையன். பவுலுக்கு எரிச்சல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.) இருவரும் பிரிந்தே போகிறார்கள். அந்தக் கடும் சண்டைக்கு லூக்கா போட்டிருக்கும் கிரேக்கச் சொல் 'பரோக்சிஸ்மோஸ்'. எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில், அன்புக்கு ஒருவரையொருவர் தூண்டிவிடுங்கள் என்கிற இடத்திலும் இதே சொல்தான். அன்புக்காகச் சீண்டுவது. அது வேறு தினுசான உரிமை, எல்லாருக்கும் எல்லாரிடமும் கிடையாது.

பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறுகிறார். அதோடு அந்தப் புத்தகத்தில் அவர் கதை முடிந்துவிடுகிறது. மீதி முழுக்கப் பவுல்தான். பர்னபா என்பதற்கு 'ஆறுதலின் மகன்' என்று அர்த்தம் சொல்லப்படுகிறது, அந்த ஆறுதலும் பாராகலேயோவின் வேர்தான். தீவில் அவர் மாற்குவிடம் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் மட்டும் பவுல், மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உபயோகமானவன் என்று கேட்கிறார். நடுவில் இருந்த வருஷங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷங்களில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கிள்கூட எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. யாரும் சாட்சி சொல்லச் சொல்லவில்லை, கைதட்டவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் கற்றிருந்தோம். கிட்டாரை அவர் தொடவே இல்லை. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரம் வந்தார். இப்போதும் மாதத்தில் இரண்டு வாரம்தான்.

கடைசியில் வட்டமாக உட்கார்ந்து வரிசையாக ஒவ்வொருவரும் ஜெபிப்போம். அண்ணன் இன்னும் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. அவர் முறை வரும்போது கண்ணை மூடியபடியே பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொடுவார். பக்கத்தில் இருப்பவர் ஆரம்பித்துவிடுவார்.