ஈரலுக்குள் இலை

ஹஜ்ஜுப் பெருநாளன்று உழ்ஹிய்யா மாடு அறுபட்டுத் தோல் உரித்தான பிறகு, ஈரலை யார் வெட்டுவது என்பதில் எங்கள் பகுதியில் பையன்களுக்கிடையே சிறு போட்டி உண்டு. ஈரலைக் கீறும்போது சிலவேளை பித்தக் குழாய்க்குள் இருந்து பழுப்பு நிறத்தில் வேப்பிலை போல ஒன்று சுருண்டு வெளியே வரும். தொட்டால் அசையும். என் மூத்தம்மா அதைப் பார்த்துவிட்டு, "மாடு தின்ட எல செமிக்காமக் கெடக்குது" என்பார். ஆசிரியர் கலாசாலையில் விலங்கியல் படித்த காலத்தில் அதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. அது தட்டைப்புழு என்பது சரி. ஆனால் அது மாட்டுக்குள் போனது உண்மையிலேயே புல்லோடுதான்.

இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு புழு யானையின் ஈரலில் இருக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகே தெரிய வந்தது. யானைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வில்கமுவக்காரனுக்கு யானை என்றால் வெளியே நிற்பதுதான். வஸ்கமுவ 1984இல் தேசிய வனமாக்கப்பட்டது. மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காட்டின் ஓரத்தில் நெல்லும் சோளமும் பூசணியுமாக நாங்கள். பிள்ளைகள் யானைப் பாதையைக் கடந்து பாடசாலைக்குப் போக வேண்டியிருப்பதால், 2016இல் ஒரு வனஜீவராசிகள் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கென்று தனியாக பஸ்ஸே ஓட விட்டது. அப்படிப்பட்ட இடம்.

யானையின் ஈரற்புழுவுக்கு 1869இல் பெயர் வைத்தவர் கொபோல்ட் என்ற ஆங்கிலேயர். ஃபசியோலா ஜக்சோனி என்பது அந்தப் பெயர். மாட்டின் புழுவைவிடக் குட்டையானது, அகலம் கூடியது. இலங்கைக் காட்டு யானைகளில் இருந்து எடுத்த புழுக்களை மரபணு மட்டத்தில் ஆராய்ந்து, இது மாட்டுப் புழுவின் சொந்தக்காரன்தான் என்று 2019இல் எழுதியவர்கள் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நம்மவர்கள். யானையின் இரைப்பைக்குள் வளரும் ஒரு ஈயின் புழுவும் உண்டு. அந்த ஈயின் இனத்துக்குக் கொபோல்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். அது தந்தத்தின் அடியில், வாயருகே முட்டையிடும். நம் நாட்டு யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை, ஆனால் அதைப் பற்றி ஈ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குடலில் வட்டப்புழுக்கள், நாடாப்புழு என்று இன்னும் பலதும் குடியிருக்கின்றன. எல்லா உயிருக்கும் ரிஸ்க்கை ஏற்பாடு செய்தவன், சில உயிர்களின் ரிஸ்க்கை இன்னோர் உயிரின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டான்.

இதையெல்லாம் வாசித்த சூட்டில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

2023 செப்டெம்பர். வெயில் காலம், குளத்தில் தண்ணீர் வற்றிக் கரை முழுக்கப் பச்சைப் புல். ஒரு கொம்பன் அல்லாத ஆண் யானை, இருபது வயதுக்குள் இருக்கும், நான்கைந்து நாளாகத் தண்ணீரை விட்டு விலகாமல் நின்றது. முதுகெலும்பு தெரிந்தது, கன்னம் குழிந்திருந்தது. குளக்கட்டில் நின்று பார்த்த ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மதம் என்றார் ஒருவர். பாம்பு தீண்டியது என்றார் இன்னொருவர். நான் ஆசிரியர் அல்லவா, என்னிடம் கேட்டார்கள்.

"ஈரல்ல புழு" என்றேன்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வரைந்து விளக்கினேன். யானை இலத்தியோடு முட்டை வெளியேறும். தண்ணீருக்குள் முட்டை பொரித்துக் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்தி நத்தைக்குள் புகும். நத்தைக்குள் ஒன்று பலவாகும். பிறகு வெளியேறிக் குளக்கரைப் புல்லில் ஒட்டி, ஓடு போர்த்துக் காத்திருக்கும். யானை அந்தப் புல்லைத் தின்னும். புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போகும். இரத்தம் குறையும், உடம்பு மெலியும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடைசி வாங்கில் எப்போதும் தூங்கி வழியும் ஒரு பையன் அன்று நிமிர்ந்திருந்தான்.

"சேர், அப்ப அந்த ஆனக்கி வேற ஒண்டும் இல்லயா? புழு மட்டுந்தானா?"

"புழுதான்" என்றேன். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நல்ல மாணவன் ஒருவன் உருவாகிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

என் பேச்சு பையன்கள் மூலம் வீடுகளுக்குப் போனது. சேர் சொல்லிவிட்டார், அது நோய் யானை, தானாகத் தேறும் அல்லது சாகும் என்று ஊர் ஆறுதலடைந்தது. வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆறாம் நாள் யானை சேற்றில் சாய்ந்தது. அதன் பிறகே தகவல் போய் மிருக வைத்தியர் வந்தார். வெட்டிப் பார்த்தபோது தூரத்தில் நின்ற என்னை, படிப்பிக்கிறவன் என்று தெரிந்ததும் கிட்ட அழைத்தார். வாயைத் திறந்து காட்டினார். கீழ்த்தாடை சிதறியிருந்தது. நாக்கில் பாதி இல்லை. மிச்சம் அழுகிப் புழுத்திருந்தது. குடல் ஏறத்தாழ வெறுமை. ஹக்கப்பட்டாஸ். பூசணிக்காய்க்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து பன்றிக்கு வைப்பது. பன்றி கடித்தால் அந்த இடத்திலேயே விழும். யானை கடித்தால் வாய் மட்டும் போகும். பசியோடும் எரிவோடும் தண்ணீருக்குள் நின்று நாட்கணக்கில் சாகும். அது தண்ணீரை விட்டு விலகாமல் நின்ற காரணம் அதுதான். ஆறு நாள் என் கண் முன்னால் நின்றது.

ஈரலையும் கீறினார். புழு இருந்தது. நான் சொன்ன அதே புழு. இரைப்பைச் சுவரில் ஈயின் புழுக்களும் வரிசையாக ஒட்டியிருந்தன. நான் ஏதோ நியாயம் கிடைத்தவன் போல வைத்தியரைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம்: இது காட்டு யானைகளில் சாதாரணமாகக் காண்பது, இதோடு அவை நாற்பது ஐம்பது வருடம் வாழ்கின்றன, இது கொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் புழுவுக்கு யானை சாவதில் இலாபம் இல்லை. வீடு இடிந்தால் குடியிருப்பவனும் தெருவில்தான். உடம்பு தளர்ந்த நேரத்தில் புழுவின் கை ஓங்கும் என்பது உண்மை. ஆனால் தளர்த்தியது யார் என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பொலன்னறுவையில் குரங்குகளின் மலத்தைச் சோதித்து 2006இல் வெளியான ஓர் ஆய்வை ஞாபகப்படுத்திக்கொண்டேன். மனிதரும் கால்நடையும் அசுத்தப்படுத்திய மண்ணையும் நீரையும் பயன்படுத்தும் குரங்குகளில்தான் ஒருவகை ஒட்டுண்ணி அதிகம் காணப்பட்டதாம். காட்டு மிருகத்தால் நமக்கு நோய் வரும் என்று பயப்படுகிறோம். பாதை இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. 150க்கு மேற்பட்ட மனிதரும் யானையால் மௌத்தானார்கள். அதையும் சொல்ல வேண்டும். சோளம் முழுவதையும் ஓர் இரவில் இழந்தவனிடம் போய் யானைப் பாசம் பேச என்னால் முடியாது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், நான் சொன்னது பிழை என்று சொன்னேன். பதினேழு வருடச் சேவையில் கரும்பலகையில் எழுதியதை அப்படி அழித்தது முதல் தடவை. வாய் சிதறியிருந்ததைச் சொன்னபோது கடைசி வாங்குப் பையன் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டான். இடைவேளைக்கு மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வாப்பா பண்டிக்கித்தான் வெச்ச சேர்" என்றான்.

அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனை வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போகவும் இல்லை. அது சரியா என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. இரவு இஷாவுக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பா திண்ணையில் இருந்தார். மகன் சொல்லிவிட்டான் என்று என்னைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. தேநீர் வந்தது, குடித்தோம். சேனையில் போன வருடம் பன்றி தின்ற கணக்கைச் சொன்னார். கடன் கணக்கையும் சொன்னார். கடைசியில், "நீங்க புழு எண்டு சொன்ன நேரம் நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டன் சேர்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது. உள்ளே மிச்சம் இருந்த இரண்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். கொடுக்கவில்லை. மறுநாள் தானே கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புதைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். நம்பினேன்.

2024 ஜூனில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஈரல் வெட்டும் இடத்தில் அந்தப் பையன் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். ஒரு குழாயைக் கீறியதும் இலை வெளியே வந்தது. விரலால் எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இது தானே சேர், ஆனைக்குள்ள இருந்த?"

"இது மாட்டோடது. அது வேற" என்றேன்.

கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழிக்குள் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினான்.