நான்கு நாள் இலண்டன்

நீண்ட விடுமுறையும் நிறைந்த பொருளும் உடையார் உலகைச் சுற்றி வரலாம். தோட்டத்துக் கிராணிக்கு அஃது இயலுமோ? ஒரு மாதச் சம்பளக் கணக்கை முடித்துப் புறப்பட்டால், மறு கணக்குத் தொடங்குமுன் மேசைக்கு மீண்டாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இலண்டன் மாநகருக்கு வானூர்தி இடைநில்லாது பறப்பினும் ஏறத்தாழ 14 மணி நேரமாகின்றது. போக்குவரவு போக நமக்கு எஞ்சுவன நான்கே நாட்கள். அந்நான்கு நாட்களுக்காக நாம் ஏழு வாரங்களாகத் திட்டம் தீட்டி வருகின்றோம்!

இலண்டனை ஏன் தேர்ந்தீர் என வினவுவார்க்கு விடை எளிது. நாம் பயின்றது பட்டணத்து ஆங்கிலவழிப் பள்ளி. நம் தோட்டத்து ஓடை எங்கே பிறக்கின்றதென அறியாத வயதிலேயே தேம்சு நதியின் போக்கை ஒப்புவித்தோம். ஆதலின் பட்டியல் எழுத அமர்ந்ததும் எழுதுகோல் தானே ஓடிற்று. கோபுரக் கோட்டை, பாராளுமன்ற மணிக்கூண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம், பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலை, தேசிய ஓவியக்கூடம் என நான்கு நாட்களில் பத்தொன்பது இடங்கள். கணக்கெழுதிப் பழகிய கையல்லவா? ஒவ்வொன்றுக்கும் மணியும் நிமிடமும் குறித்து வைத்தோம்.

திட்டமிடுவதில் கற்றவை சிலவுண்டு. 2025 சனவரி முதல் நம் நாட்டவர் அங்குப் புகுமுன் மின்வழிப் பயண அனுமதி பெற்றாதல் வேண்டும். பொருட்காட்சிசாலைக்கும் ஓவியக்கூடத்துக்கும் நுழைவுக் கட்டணமில்லை. கோட்டைக்கோ கட்டணம் கனமானது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜூன் திங்களிலோ ஒன்பது மணிக்கும் வெளிச்சமுண்டு. கிராணியின் நான்கு நாட்கள் ஜூனில் ஆறு நாட்களுக்குச் சமமென்க. சுரங்க ரயில் வரைபடத்தைக் கண்டு மட்டும் மயங்குதல் கூடாது. ஹாரி பெக் என்பார் வரைந்து 1933-இல் வெளிவந்த முறையில் அமைந்த அப்படம் வழியைக் காட்டுமேயன்றித் தொலைவைக் காட்டாது. லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவன்ட் கார்டனுக்கு ரயிலேறுவதினும் நடப்பதே விரைவு. கோவன்ட் கார்டன் நிலையத்தில் மின்தூக்கியைத் தவிர்த்தால் 193 படிகள்!

படிகளைப் பற்றி அப்பொழுது நாம் கவலையுறவில்லை. ஏனெனில் பயணச் சீட்டு இரண்டே, நமக்கும் இல்லாளுக்கும் என்றே எண்ணியிருந்தோம். அன்னையாருக்கு முழங்கால் நோவு. அவரை அழைப்பது அவருக்கே துன்பம் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

ஒருநாள் மாலை மேசைமீது பரப்பியிருந்த படங்களை எட்டிப் பார்த்த அன்னையார், "ஏன்யா, அந்தச் சீமையில பால்மரம் உண்டா?" என்றார்.

முப்பத்தோராண்டு பால்வெட்டியவர் கேட்ட கேள்வி அது. விடை நமக்குப் பள்ளிப் பருவத்திலேயே தெரியும். 1876-இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை 2,700 அளவே. அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறுவருடம் சிங்கப்பூர் வந்த கன்றுகள் இருபத்திரண்டு. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே முதுமரம் ஒன்று இன்றும் நிற்கின்றது. மரத்தைக் கொல்லாது நாள்தோறும் பாலெடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி ஆராய்ந்து கண்டார். நூறாண்டு வாழ்ந்த அப்பெரியார் 1956-இல் மறைந்ததும் கியூவிலேதான்.

இவையனைத்தும் அறிந்திருந்தும், தம் கை பிடித்த உளி எங்கிருந்து தொடங்கியதென்று அன்னையாருக்கு நாம் ஒருநாளும் சொன்னதில்லை. பத்தொன்பது இடங்களுள் கியூ இடம்பெறவுமில்லை.

காரணத்தை எழுத நாணுகின்றோம், ஆயினும் எழுதுவோம். பள்ளிக் கட்டணம் அன்னையாரின் பால்வெட்டுக் கூலி. ஒருமுறை வேலைவிட்ட கோலத்தோடு கட்டணம் செலுத்த வந்தார். சட்டையில் ஒட்டுப்பாலின் நாற்றம். உடன்பயின்ற ஒருவன் மூக்கைப் பொத்தினான். அன்றிரவு, "இனிப் பள்ளிக்கு வரவேண்டாம்" என்றோம். அவரும் வரவில்லை. பரிசளிப்பு விழாவுக்கும் வரவில்லை. பின்னர்ப் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை வந்தது. நாற்றமும் போயிற்று. அச்சொல் மட்டும் போகவில்லை.

பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் முழுவதும் கியூ. மாவட்டத் தடச் சுரங்க ரயில் தோட்டத்தருகிலேயே நிற்கின்றது. பரப்பு ஏறத்தாழ 300 ஏக்கராதலின் சக்கர நாற்காலிக்கு முன்னரே சொல்லிவைத்தல் நலம். 1848-இல் முடிந்த கண்ணாடிப் பனைமனையைப் புதுப்பிப்பதற்கென நெடுங்காலம் மூடும் திட்டமுண்டு. நாளை உசாவிய பின்னரே சீட்டெடுப்போம். மூன்றாம் நாள் பொருட்காட்சிசாலை. நான்காம் நாள் தேயிலையும் ரப்பரும் விலைபேசிய மின்சிங் சந்து. பழைய வணிகம் அங்கில்லை. எனினும் அன்னையார் வெட்டிய பாலுக்கு விலைபேசிய நகரை அவர் ஒருமுறை பார்க்கட்டுமே! கோட்டையை இல்லாள் விட்டுக்கொடுத்தாள்; அரண்மனை வாயிலை மட்டும் விடேன் என்றாள். அதுவும் முறையே.

சீட்டு மூன்று என்றதும் அன்னையார், "எனக்கெதுக்குய்யா வீண் செலவு?" என்றார். விதைகளின் கதையைச் சொன்னோம். இடைமறியாது கேட்டார். கண்ணாடிக்குள் வளரும் மரத்துக்கு வெயில் எப்படிப் போதும் என்று வினவினார். பட்டையைத் தொட விடுவார்களா என்றார். நமக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, "அங்கே குளிருமாமே" என்றார்.

மறுநாட் காலை வேலைக்குப் புறப்படுகையில், விடியற்காலைப் பெரட்டுக்கு அவர் அந்நாளில் அணிந்து சென்ற கம்பளிச் சட்டை கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. சவர்க்காரமிட்டு இருமுறை துவைத்தாராம், இல்லாள் கூறினாள்.