பின்னிழுத்த கை

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘ஃபிளின்ச்’ என்றொரு வினைச்சொல் வந்தது. பொருள் என்னவென்று ஒரு மாணவன் கேட்டான். “அடி விழுமோ, வலிக்குமோ என்னும் அச்சத்தால் உடல் சட்டெனப் பின்வாங்குவது” என்று சொல்லத் தொடங்கினேன். அவ்வேளையில் தொலைவில் ‘தொம்’மென்று ஓர் ஓசை. பிள்ளைகளின் தோள்கள் ஒருசேரக் குலுங்கின. அடுத்த நொடி அத்தனை முகங்களும் சன்னலை நோக்கின, புகை எத்திசையில் எழுகிறதென்று பார்க்க. அது கல்குவாரியில் வைத்த வெடி என்று பின்னர் அறிந்தோம். ஆனால் எங்கள் சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திசை உண்டு. தாயோ தந்தையோ பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கும் திசை. சொல்லுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘விலகித் திரும்புதல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து இச்சொல் பிறந்தது என்பர். ஆங்கிலத்தில் இதற்கு இருவகை ஆட்சி உண்டு. ஒன்று, உடல் தானாகத் துணுக்குறுவது. மற்றொன்று, செய்யவேண்டிய கடமையிலிருந்தும் காணவேண்டிய காட்சியிலிருந்தும் மனம் விலகிக்கொள்வது. தமிழில் முன்னதைத் திடுக்கிடுதல் என்போம். பின்னதை முகந்திருப்புதல் என்போம். முன்னதில் குற்றமில்லை. பின்னதின் பொருளை நான் அகராதியில் கற்கவில்லை.

சில நாள் பள்ளிக்கு வராத ஒரு மாணவனைத் தேடி அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாய் ஆலையில் மருந்து கலக்கும் அறையில் உராய்வினால் மூண்ட தீயில் சிக்கிப் பிழைத்தவர். காப்பித் தம்ளரை நீட்டினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் சுருங்கி மின்னிய கை அது. வாங்க நீண்ட என் கை, ஒரு கணம் பின்னே போயிற்று.

அவர் அதைக் கண்டுவிட்டார். தம்ளரை மெல்லப் பெஞ்சின்மேல் வைத்து, “ரொம்பச் சூடா இருக்கு சார், ஆறட்டும். எடுத்துக்கிடுங்க” என்றார். என் வெட்கத்தை மறைக்க அவர் தேடிக்கொடுத்த காரணம் அது. மகனுக்குமுன் நான் தலைகுனியாதபடி என்னைக் காத்தவர் அவரே.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த பெருவிபத்தை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். ஓசை கேட்டு அருகே சென்றவர்கள், உள்ளே இருந்தவர்களை மீட்க விரைந்தவர்கள். அவர்கள் உடலும் அவ்வோசையில் துணுக்குற்றிருக்கும். ஆயினும் கால்கள் முன்னோக்கியே சென்றன.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் இயேசுவின்முன் முழந்தாளிடுகிறார். அத்தகையோர் ஊருக்கு வெளியே வாழவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஒரு சொல்லாலேயே குணமாக்க வல்லவர் ஆண்டவர். எனினும் முதலில் கையை நீட்டி அவரைத் தொடுகிறார். சொல் அதன் பின்னரே வருகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிசும் தொழுநோயாளரைக் காணவே கசந்தவர்தாம். அக்கசப்பு இனிமையாக மாறியதைத் தம் இறுதி நாள்களில், 1226இல், தம் சாசனத்தில் மறைக்காமல் எழுதிவைத்தார். புனிதருக்கும் கை முதலில் பின்வாங்கியிருக்கிறது என்பது எனக்கு ஆறுதல். அங்கேயே அது நின்றுவிடவில்லை என்பது எனக்கு எச்சரிக்கை.

தீபாவளிக்கு நாம் கொளுத்தும் மத்தாப்பின் ஒளியைக் கண்கொட்டாமல் பார்க்கிறோம். அதைச் செய்த கையை அப்படிப் பார்க்க நம்மால் இயலுமா?

அடுத்த முறை அவ்வீட்டுக்குச் சென்றபோது, அந்தத் தாய் தம்ளரைப் பெஞ்சில் வைக்குமுன் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். விரல்கள் விரல்களில் பட்டன. காப்பி உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது.